காளத்தி மணலும் நான்கு சால் உழவும்

காளத்தி என்றவுடன் நம் நண்பர்களுக்கு நினைவில் வருபவர் கண்ணப்பர். பொத்தப்பி நாட்டு உடுப்பூரில் பிறந்த வேடர். பொன்முகலியாற்று நீரை வாயில் முகந்து வந்து இறைவனுக்குத் திருமஞ்சனம் ஆட்டியவர். இன்று காளத்திக்கு வருவோர் பெரும்பாலும் ராகு கேது பூசைக்கு வருகின்றனர். பூசை முடிந்ததும் அடுத்த பேருந்தைப் பிடிக்கின்றனர். அவ்வூர் வேடரைப் பற்றித் தமிழில் எவ்வளவோ எழுதியாகிவிட்டது. அவ்வூர் உழவரைப் பற்றி எழுதியவரை நான் கண்டதில்லை. ஆகவே, மலருக்கு ஏதேனும் எழுது என்று மன்றச் செயலாளர் கேட்டபொழுது, கோயிலை விட்டுவிட்டு, அதற்கு நான்கு மைல் அப்பாலுள்ள எங்கள் மணற்காட்டைப் பற்றி எழுதுவதென்று துணிந்தேன்.

எங்கள் நிலம் மூன்று ஏக்கர். 1911க்கு முன் அது வடஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. அவ்வாண்டு சித்தூர் மாவட்டம் பிறந்ததும் அதிலே சேர்ந்தது. 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டம் என்று பெயர் மாறிற்று. நாங்கள் வீட்டில் தமிழும் வயலில் தெலுங்கும் பேசுகிறவர்கள். நிலக்கடலையை வீட்டில் மல்லாட்டை என்போம். வரப்பில் இறங்கினால் அதுவே சென்னக்காயாகிவிடும். எந்த மொழியில் பேசினாலும் உழவின் கணக்கு ஒன்றுதான்: விதைப்பதற்கு முன் நான்கு சால். முதல் மழைக்கு ஒன்று, குறுக்கே ஒன்று, எரு கலக்க ஒன்று, விதைக்கும் முன் ஒன்று. முன்பு மாடு இழுத்தது. இப்பொழுது டிராக்டர் இழுக்கிறது. நான்காவது சாலுக்கு ரோட்டவேட்டரைப் போட்டு மண்ணை மாவாக்கிவிடுகிறோம்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த டிராக்டர் என் சித்தப்பாவுடையது. எங்கள் நிலத்தை மட்டுமன்றிச் சுற்றுப்பட்ட நிலங்களையெல்லாம் வாடகைக்கு உழுகிறார். என் விடுதிக் கட்டணத்தில் பாதி அந்த வாடகையிலிருந்துதான் வருகிறது. உழவு மிகையாகிவிட்டது என்று நான் எழுதப் போகிறேன். எழுதும் பேனாவும் உழவு வாங்கித் தந்ததுதான்!

உழவர் ஏன் உழுகிறார்? களையைக் கொல்ல, மண்ணைப் பொலபொலப்பாக்க, மழை நீரை உள்ளே வாங்க, எருவைப் புதைக்க. நான்கும் நியாயமான காரணங்களே. அகல உழுவதிலும் ஆழ உழுவதே நன்று என்ற பழமொழி நம் ஒவ்வொருவர் வீட்டிலும் உண்டு. ஆனால் அந்தப் பழமொழி பிறந்தது எந்த மண்ணில் என்று யாரும் கேட்பதில்லை. காவிரிக் கழனியின் களிமண் வேறு. காளத்தியின் செம்மணல் வேறு. களிமண்ணின் துகள் ஒரு மில்லிமீட்டரில் 500இல் ஒரு பங்கைவிடச் சிறியது. அத்துகள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு கட்டியாகின்றன; உழவு அந்தக் கட்டியை உடைக்கிறது. மணலின் துகளோ கண்ணுக்குத் தெரியும். ஒன்றோடொன்று ஒட்டாது, நீரையும் உப்பையும் பிடித்து வைக்காது. ஏற்கனவே உதிர்ந்து கிடப்பதை மேலும் உதிர்ப்பானேன்?

"அப்படியானால் நம் நிலம் கோடையில் கல்லாய்க் கிடக்கிறதே, அது ஏன்?" என்று என் தாத்தா கேட்டார். கேள்வி சரியானது. எங்கள் மண் கடற்கரை மணலன்று. மணலோடு சிறிதளவு களியும் வண்டலும் கலந்த செம்மண். பெரிய துகள்களின் இடுக்கில் சிறிய துகள்கள் சென்று அடைத்துக்கொள்கின்றன, ஜல்லியின் இடுக்கில் சிமெண்டு அடைப்பதைப் போல. வெறும் மண்மீது மழைத்துளி அறைந்தால் மேலே பொருக்குத் தட்டுகிறது. டிராக்டர் சக்கரமும் ரோட்டவேட்டர் கத்தியும் அடிக்கடி போகுமிடத்தில், ஒரு சாணுக்கும் குறைந்த ஆழத்திலேயே, கெட்டிப் படலம் ஒன்று படிகிறது. மேலே மாவு, அடியிலே தளம். கடலை வேர் அந்தத் தளத்தைத் தொட்டதும் பக்கவாட்டில் திரும்பிவிடுகிறது. பிடுங்கிய செடிகளில் வேர் மடிந்திருப்பதை நாங்கள் வெகுநாட்களாய்ப் பார்த்திருக்கிறோம். பூச்சி என்று எண்ணிக்கொண்டிருந்தோம்.

இன்னொரு சேதம் கண்ணுக்குத் தெரியாதது. மண்ணைப் புரட்டும்பொழுதெல்லாம் காற்று உள்ளே புகுகிறது. காற்றும் வெப்பமும் கிடைத்தால் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள மக்கை விரைவாகத் தின்று தீர்க்கின்றன. களிமண்ணில் அந்த மக்கு துகள்களுக்குள் ஒளிந்துகொள்ள இடமுண்டு; மணலில் அந்த ஒளிவிடமும் குறைவு. நம் நாட்டு மண் பரிசோதனைக் கூடங்கள் கரிமக் கரி நூற்றுக்கு 0.5க்குக் கீழே இருந்தால் 'குறைவு' என்று எழுதித் தருகின்றன. எங்கள் நிலத்து அட்டையில் அந்தச் சொல்தான் இருக்கிறது. அண்டை வீட்டு அட்டையிலும் அதுவேதான்.

உலகம் இதை அறியாததன்று. அமெரிக்காவின் தென்சமவெளியில் புல்வெளியை உழுது கோதுமை விதைத்தனர். 1930களில் மழை பொய்த்தபொழுது அந்த மண் புழுதிப் புயலாய் எழுந்து தலைநகர் வரை சென்று விழுந்தது. 1935இல் மண் காப்புக்கென்றே அந்நாடு சட்டம் இயற்றியது. 1943இல் எட்வர்டு ஃபாக்னர் என்பவர் உழுகலப்பையையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதற்கு அவர் இட்ட தலைப்பைத் தமிழில் 'உழவனின் மடமை' என்று சொல்லலாம். தலைப்பு சற்றுக் கொடுமையானது. என் தாத்தாவிடம் அதை நான் சொல்லவில்லை.

தாத்தாவிடம் வேறு ஆயுதம் இருந்தது. பள்ளிப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றவராயினும், திருக்குறளில் உழவு அதிகாரம் அவருக்கு மனப்பாடம். ஒரு பலப் புழுதி கால் பலமாகும்படி உழுது காயவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டாம் என்ற குறளைச் சொல்லி, "வள்ளுவரை விட நீ பெரிய படிப்பாளியாடா?" என்றார். நான் அடுத்த குறளை நினைவூட்டினேன். உழுவதைக் காட்டிலும் எரு இடுதல் நன்று என்றும், களை எடுத்தபின் நீர் பாய்ச்சுவதைக் காட்டிலும் காத்தல் நன்று என்றும் அதே வள்ளுவர் சொல்கிறாரே! 'காப்பு' என்பதை மண்ணை மூடிக் காப்பது என்று நான் பொருள் செய்தேன். பரிமேலழகர் ஒப்பமாட்டார். தாத்தாவும் ஒப்பவில்லை. ஆயினும் வழக்கில் எதிர்க்கட்சிக்கும் ஒரு சான்று உண்டென்பதை ஏற்றுக்கொண்டு, "அரை ஏக்கர் தரேன். ஊர் சிரிச்சா நீதான் பதில் சொல்லணும்" என்றார்.

அவருடைய அச்சத்தில் வெறும் ஊர்ப் பேச்சு மட்டும் இல்லை. கடலை மற்றப் பயிர்களைப் போலன்று. பூப்பது மேலே, காய்ப்பது கீழே. பூ வாடியபின் அதன் அடியிலிருந்து ஊசி போன்ற காம்பு ஒன்று புறப்பட்டு மண்ணுக்குள் இறங்குகிறது. அதன் முனைதான் காயாகிறது. மேல்மண் இறுகியிருந்தால் ஊசி இறங்காது. உழாத நிலத்தில் ஊசி எப்படி இறங்கும் என்பதே அவர் கேள்வி. சோளத்துக்கும் கோதுமைக்கும் உழவில்லா வேளாண்மை செய்து காட்டிய அயல்நாட்டார் எவரும் அந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியிருந்ததில்லை.

விடை எங்கள் மாநிலத்திலேயே கிடைத்தது. ஆந்திர அரசின் ரைது சாதிகார சம்ஸ்தா 2016இல் இயற்கை வேளாண்மைத் திட்டமொன்றைத் தொடங்கியது. மராட்டியத்தைச் சேர்ந்த சுபாஷ் பாலேக்கரின் முறையிலிருந்து புறப்பட்ட அத்திட்டத்தை, ஆட்சிப் பணியிலிருந்த விஜயகுமார் முன்னின்று நடத்தினார். வறண்ட அனந்தபுரத்தில் அவர்கள் ஒரு முறையைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தனர். மழை வருமுன்னே, காய்ந்த மண்ணிலேயே, பலவகை விதைகளை ஒன்றாய்க் கலந்து விதைத்துவிடுவது. தெலுங்கில் நவதானியம் என்கின்றனர். பெயரில் ஒன்பதுதான், பையில் 20 வகைக்கு மேலும் இருக்கும்.

எங்கள் பக்கம் கடலையை மார்கழியையொட்டி விதைத்துப் பங்குனியில் பிடுங்குவது வழக்கம். பிறகு ஐப்பசி மழை வரும்வரை நிலம் வெறுமையாய்க் கிடக்கும். காளத்தி வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை; கோயிலுக்குச் செருப்பில்லாமல் நடந்தவர்களுக்குத் தெரியும். அந்த வெயில் ஆறு மாதம் மண்ணைச் சுடுகிறது. சென்ற வைகாசியில் அந்த அரை ஏக்கரில் உழாமல் விதைத்தோம். கம்பு, சோளம், பயறு, உளுந்து, காராமணி, கொள்ளு, துவரை, எள், ஆமணக்கு, சணப்பை, கொத்தவரை, தண்டுக்கீரை என்று பாட்டியின் அடுக்குப் பானைகளில் இருந்தவையும் கடையில் வாங்கியவையுமாகச் சேர்ந்தன. அப்படியே தூவினால் ஒரே நாளில் எறும்பு தூக்கிப் போய்விடும். மணற்பூமியில் எறும்புக்குக் குறைவில்லை. ஆகையால் விதைகளை முதலில் களிமண்ணிலும், பிறகு கன ஜீவாமிர்தத் தூளிலும், சாம்பலிலும் புரட்டிப் புரட்டி உருட்டி நிழலில் உலர்த்த வேண்டும். கன ஜீவாமிர்தம் என்பது சாணத்தோடு வெல்லமும் பயற்றுமாவும் கோமியமும் ஒரு பிடி நிலத்து மண்ணும் சேர்த்துப் புளிக்கவைத்து உலர்த்திய எரு. பாட்டி அதை முறத்தில் வைத்து உருட்டிய விதம், பொரிவிளங்காய் உருண்டை பிடிப்பது போலவே இருந்தது.

மண்ணை முற்றிலும் தொடவில்லை என்று சொல்ல முடியாது. தெலுங்கு நாட்டில் குண்டக்க என்றொரு பழைய கருவி உண்டு. மரக்கட்டையின் அடியில் படுக்கையாய் ஓர் இரும்பலகு. மாடு இழுத்தால் அது மேல்மண்ணை இரண்டு விரற்கடை ஆழத்துக்குச் சீவிக்கொண்டு போகும், களையின் வேரை அறுக்கும், மண்ணைப் புரட்டாது. ராயலசீமைக் கரிசலில் ஆண்டுதோறும் உழாமல் இந்தக் கருவியாலேயே நிலத்தைப் பண்படுத்தி விதைக்கும் வழக்கம் பழங்காலத்திலேயே இருந்தது. 'குறைந்த உழவு' என்று இன்று மாநாடு கூட்டிப் பேசுகிறோமே, அது எங்கள் கொட்டகைப் பரண்மேல் ஒட்டடை படிந்து கிடந்தது! தாத்தா அதை இறக்கித் துடைத்தபொழுது அவர் முகம் சற்று மலர்ந்தது.

கோடை மழை இரண்டு பெய்ததும் விதைகள் எழுந்தன. ஒழுங்கற்ற காடு. வழியில் போனவர்கள் "ஏமய்யா, பயிரா புதரா?" என்று கேட்டனர். ஊர் சிரித்தது உண்மை. பதில் சொல்லும் கடமையும் என் தலையில் விழுந்தது. ஆவணியில் அறுத்தோம். சோளத்தட்டும் காராமணிக் கொடியும் மாட்டுக்குப் போயின. மற்றவை வெட்டிய இடத்திலேயே படுத்தன. வேர்களைப் பிடுங்கவில்லை. துவரை வேரும் ஆமணக்கு வேரும் அந்தக் கெட்டிப் படலத்தைத் துளைத்துக்கொண்டு இறங்கியவை; அவை மக்கினால் அந்தத் துளைகளே நீருக்கு வழி. டீசல் குடிக்காத ஏர் என்று சித்தப்பாவே அதற்குப் பெயரிட்டார். கேலியாகச் சொன்னாரோ, மெய்யாகவே சொன்னாரோ, நானறியேன்.

ஐப்பசி விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் பக்கத்து மழை மெல்லப் பெய்யும் மழையன்று. வங்கக் கடலில் தாழ்வழுத்தம் வந்தால் ஒரே இரவில் கொட்டித் தீர்க்கும். 2021 நவம்பரில் திருப்பதித் தெருக்களில் வெள்ளம் ஓடியதையும் சுவர்ணமுகி கரை புரண்டதையும் நண்பர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அன்றும் அத்தகைய இரவுக்குப் பின் வந்த காலை. உழுது போட்டிருந்த இரண்டரை ஏக்கரிலிருந்து வாய்க்காலில் இறங்கிய நீர் செக்கச் செவேலென்று இருந்தது. அரை ஏக்கரிலிருந்து வந்த நீர் அளவில் குறைவு. நிறத்தில் தேநீர் போல. மழை விட்டபின், பால்மாவு டப்பா ஒன்றின் இரு முனையையும் வெட்டி மண்ணில் பாதி பதித்து, ஒரு செம்பு நீர் ஊற்றிப் பார்த்தேன். உழுத நிலத்தில் பொருக்குத் தட்டியிருந்தது. தாத்தா வெற்றிலை மடித்து மென்று துப்பும்வரை நீர் நின்றது. மூடாக்கின் கீழ் அவர் சுண்ணாம்பு தடவுவதற்குள் வடிந்துவிட்டது. தாத்தா ஒன்றும் பேசவில்லை. செம்பை வாங்கித் தாமே இன்னொரு முறை ஊற்றிப் பார்த்தார்.

உழவை விட்டுவிட்டாலே போதும் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. எங்கள் ஊரிலேயே ஒருவர், டீசல் விலைக்கு அஞ்சி, உழாமலும் மூடாமலும் விதைத்தார். வெறும் மண்ணில் பொருக்குத் தட்டி, நீர் வழிந்தோடி, பயிர் பாதிதான் முளைத்தது. செம்மணலில் உழவும் இல்லை மூடாக்கும் இல்லை என்றால், உழுத நிலத்தைவிட அது கேடு. உழவு செய்துவந்த வேலையை ஏற்றுக்கொள்ள ஆள் வைத்துவிட்டுத்தான் அதை அனுப்ப வேண்டும். அந்த ஆள் சருகும் வேரும் மண்புழுவும். பஞ்சாபில் பிறந்த மண்ணறிஞர் ரத்தன் லால், 1970 முதல் நைஜீரியாவின் இபாடான் நகரிலுள்ள ஆராய்ச்சி நிலையத்தில், நம்முடையதை ஒத்த வெப்ப நாட்டுச் செம்மண்ணில் கண்டு சொன்னது இதுவே. உழுத சரிவில் மண் கரைந்தோடியது. பயிர்க்கழிவு மூடிய உழாத சரிவில் மண் நின்றது. 2020இல் அவருக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது. 2024இல் லிஸ்பனில் வழங்கப்பட்ட குல்பென்கியன் பரிசை அவரும், ஆந்திர இயற்கை வேளாண்மைத் திட்டமும், எகிப்தியப் பாலைமணலில் பயிர் வளர்த்த செக்கெம் நிறுவனமும் பகிர்ந்துகொண்டனர். அந்தச் செய்தியைத் தெலுங்குப் பத்திரிகையில் பார்த்துத் தாத்தாவுக்குப் படித்துக் காட்டினேன். "பரிசு கிடக்கட்டும், கடலை என்னாச்சுன்னு சொல்லு" என்றார்.

சொல்கிறேன். மார்கழித் தொடக்கத்தில் சருகை வரிசை வரிசையாய் ஒதுக்கி, அந்தக் கோட்டில் மட்டும் குண்டக்கை ஓட்டி, கடலையை ஊன்றினோம். மேல் இரண்டு விரற்கடை மண் மெதுவாய் இருந்தால் ஊசிக்குப் போதும். ஒரு முழ ஆழம் அதற்கு வேண்டியதில்லை. ஊசி இறங்கிற்று. ஆழ்குழாய்க் கிணற்று நீர் மற்ற நிலத்தைவிட ஒரு தண்ணீர் குறைவாகவே பாய்ந்தது. களைதான் எங்களை அலைக்கழித்தது. அயல்நாடுகளில் உழவை விட்டவர்களில் பெரும்பாலோர் களைக்கொல்லியைக் கையில் எடுத்துக்கொண்டே விட்டனர். இத்திட்டத்தில் அதற்கு இடமில்லை. கோரை மட்டும் உழாததால் குறைந்தது. கலப்பைதான் அதன் கிழங்கை அறுத்து நிலமெங்கும் நட்டுக்கொண்டிருந்தது போலும். மற்றக் களைகளுக்கு ஒரு களைக்கொத்துக் கூடுதல், அதாவது பெண்களின் கூலி கூடுதல். மூட்டைக் கணக்கில் அரை ஏக்கர் மற்ற நிலத்தை மிஞ்சவில்லை, சற்றுக் குறைவே. உழவுச் செலவையும் உரச் செலவையும் கழித்தால் கையில் நின்றது சற்று அதிகம். முதல் ஆண்டுக்கு இதுவே பெரிது என்பது என் எண்ணம். தாத்தா இன்னும் எண்ணத்தைச் சொல்லவில்லை.

கடலை பிடுங்கும்பொழுது வேறொரு சிக்கல். பிடுங்குவதே ஓர் உழவுதான். எட்டு மாதம் காத்த மண்ணை ஒரே நாளில் கிளறிவிடுகிறோம். கடலை போடுகிறவன் முற்றிலும் உழாதவனாய் இருக்க முடியாது. பிடுங்கிய கையோடு மண்ணை மூடத்தான் முடியும். மூட வேண்டுமென்றால் கடலைக் கொடி வேண்டும். கொடியோ பாட்டியின் இரண்டு பசுக்களுக்குப் பங்குனி முதல் ஆடிவரை உணவு. பசு இல்லாவிட்டால் சாணம் இல்லை. சாணம் இல்லாவிட்டால் ஜீவாமிர்தம் இல்லை. "மண்ணு பட்டினி கிடந்தா பாக்கறியே, மாடு பட்டினி கிடந்தா பாக்க மாட்டியா?" என்று பாட்டி கேட்டாள். கடைசியில், காயைப் பறித்தபின் அரை ஏக்கர்க் கொடியில் மூன்றில் ஒரு பங்கு நிலத்துக்கு, இரண்டு பங்கு மாட்டுக்கு என்று ஒப்பந்தம் ஆயிற்று. மண் நூல்களில் இந்தப் பங்கீட்டைப் பற்றி அதிகம் எழுதியிருக்கவில்லை. எழுதியவர்கள் வீட்டில் பசு இல்லையோ என்னவோ.

இனிச் சித்தப்பா. இவ்வாண்டு எங்கள் இரண்டரை ஏக்கருக்கும் உழவு நான்கிலிருந்து இரண்டாகக் குறைந்துவிட்டது. அதைப் பார்த்துப் பக்கத்து நிலத்துக்காரர்கள் இருவர் தங்களுக்கும் இரண்டு போதும் என்றனர். ஊருக்கு நன்மை, டிராக்டருக்கு மாதத் தவணை நிற்கவில்லை. விடுமுறையில் ஒருநாள் இரவு, "உன் படிப்பு என் வாடகையைத் தின்னுடும் போலிருக்கே" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குறைந்த உழவுக்கும் வண்டி வேண்டியதுதான். சருகை விலக்கிக் கீறி விதைக்கும் கருவியை டிராக்டரின் பின்னே பூட்டலாம். அடிமண் இறுகிய நிலங்களில் மண்ணைப் புரட்டாமல் ஒரேயொரு முறை ஆழமாய்க் கீறும் ஒற்றைக் கொழுவை ஓட்டலாம். கருவிகளின் விலைப்பட்டியலை வாங்கிக் கொடுத்தேன். இரண்டு நாள் அதைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார்.

சென்ற வாரம் வீட்டிலிருந்து தொலைபேசியில் பேசினார்கள். வைகாசி விதைப்புக்குப் பாட்டி உருண்டை பிடிக்கத் தொடங்கிவிட்டாளாம். இம்முறை ஒரு ஏக்கருக்கு. சித்தப்பா விதைப்புக் கருவிக்கு முன்பணம் கொடுத்திருக்கிறார். ரோட்டவேட்டரை விற்பதா வேண்டாமா என்ற பேச்சு மட்டும் இன்னும் முடியவில்லையாம். தாத்தா அதை விற்கச் சொல்கிறார். சித்தப்பா, மழை எப்படியென்று பார்த்துக்கொண்டு ஐப்பசியில் முடிவு செய்வோம் என்கிறார்.